டீசல் வண்டிக்கு மெக்கானிக் தேடும்போது: தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து ஒரு சமையல்காரி

கல்யாணச் சமையல் எங்கள் தொழில். சாட்ஸ்வொர்த்திலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரை அண்டா, அடுப்பு, வாழையிலைக் கட்டு எல்லாவற்றையும் சுமப்பது எங்கள் பழைய டீசல் பக்கிதான். (பிக்கப் வண்டியை இந்த ஊரில் பக்கி என்பார்கள்.) அது வழியில் நின்றால் ஒரு வீட்டுக் கல்யாணத்தில் பந்தி தாமதமாகும். அதனால் மெக்கானிக் விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

ஒரு வெள்ளிக்கிழமை பைன்டவுன் தாண்டி ஃபீல்ட்ஸ் ஹில் ஏறும்போது வண்டி இழுக்கவே இல்லை. பின்னால் ஒரே கறுப்புப் புகை. மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "டீசல் பம்ப் போச்சு ஆன்ட்டி, மாத்தணும்" என்றார். 38,000 ராண்ட் ஆகுமாம். எதை வைத்துச் சொல்கிறீர்கள், பிரஷர் பார்த்தீர்களா என்று கேட்டேன். பதில் வரவில்லை. வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்துப் பார்த்தவர் முதலில் ஸ்கேனரை மாட்டினார். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் காற்றழுத்தம் எவ்வளவு இருக்க வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று திரையில் காட்டினார். அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து, டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கீழ்ப்பக்கம் விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. காற்று அதன் வழியே போய்விட, டீசல் பாதி எரிந்தும் எரியாமலும் புகையாகியிருக்கிறது. குழாய், கூலி எல்லாம் சேர்த்து 1,900 ராண்டில் வேலை முடிந்தது. பொருளை மாற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பவரிடம்தான் டீசல் வண்டியை விட வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்படிப்பட்டவரை எங்கே தேடுவது? காரை வாரத்துக்கு ஒருமுறை எடுப்பவர்களிடம் கேட்டுப் பயனில்லை. டீசல் வண்டியில் தினமும் சுமை ஏற்றி ஓட்டுபவர்களைக் கேளுங்கள். நான் கேட்டது கிளேர்வுட் மொத்தச் சந்தையில், விடியற்காலையில் காய்கறி ஏற்ற வரும் அங்கிள்மாரிடம். "யார் நல்ல மெக்கானிக்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். "செய்த வேலை சரியாக வராதபோது யார் காசு வாங்காமல் திரும்பப் பார்த்துக் கொடுத்தார்?" என்று கேட்டேன். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள்.

பெயர் கிடைத்ததும் பெரிய வேலையைக் கொடுத்துவிடாதீர்கள். வண்டி நன்றாக ஓடும்போதே ஆயில், டீசல் ஃபில்டர் மாற்றும் சாதாரண சர்வீஸுக்குப் போய், பக்கத்தில் நின்று பாருங்கள். இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசலின் அழுத்தம் 'பார்' என்ற அளவில் ஆயிரத்துக்கும் மேல். டீசலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் துளைகளோ கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அளவு சின்னவை. ஒரு துளி மண் போனாலும் கெடுதல்தான். நல்ல மெக்கானிக் டீசல் குழாயைக் கழற்றுமுன் சுற்றிலும் துடைப்பார். கழற்றியதும் வாய்க்கு மூடி போடுவார். பழைய ஃபில்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று ஊற்றிப் பார்ப்பார். எந்த டீசல் அடிக்கிறீர்கள், கந்தகம் குறைந்த 50 பி.பி.எம்.மா, கந்தகம் கூடிய 500-ஆ என்று கேட்பார். பழைய துணியால் குழாயை அடைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

இரண்டு கேள்விகளை நான் எல்லோரிடமும் கேட்பேன். காலையில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்பட்டால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பேட்டரி, ஸ்டார்ட் ஆகும்போது எஞ்சினுக்குள் சூடு தரும் குளோ பிளக் எல்லாம் பார்த்துவிட்டு, ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடித்து அளவை ஒப்பிடுவேன் என்று சொன்னால், வேலை தெரிந்தவர். புது இன்ஜெக்டர் போட்டால் அதன் மேல் இருக்கும் குறியீட்டு எண்ணை வண்டியின் கம்ப்யூட்டரில் ஏற்றுவீர்களா? பல வண்டிகளுக்கு அது கட்டாயம். அதை மறந்தால் வண்டி நிற்கும்போது ஓடும் எஞ்சின் உதறும். இன்ஜெக்டரைத் தானே பிரிக்காமல், அதைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் இயந்திரம் வைத்திருக்கும் டீசல் பம்ப் கடைக்கு அனுப்புவேன் என்று சொல்பவரைக் குறைவாக நினைக்காதீர்கள். அதுதான் முறை.

சரி, காசு விஷயம். தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008, நம் பக்கம் இருக்கிறது. எஸ்டிமேட் கொடுத்து நம் சம்மதம் வாங்கித்தான் வேலை தொடங்க வேண்டும். அந்தத் தொகையைத் தாண்டினால் மறுபடியும் கேட்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை நாம் வேண்டாம் என்று சொல்லாத வரை திருப்பித் தர வேண்டும். ரிப்பேரில் போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது மூன்று மாத வாரண்டி உண்டு. இதை நான் சண்டை மாதிரிச் சொல்வதில்லை. வண்டியை விடும்போதே, "பழைய சாமானை ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள் தம்பி" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். சரி ஆன்ட்டி என்பவரோடு பேச்சு நீள்கிறது.

வாசலில் ஆர்.எம்.ஐ. (மோட்டார் தொழில் செய்பவர்களின் சங்கம்) பலகை இருந்தால் நல்லது. தகராறு வந்தால் அந்தச் சங்கத்திடம் புகார் கொடுக்கலாம். அதற்கும் மேலே மோட்டார் தொழிலுக்கென்றே புகார்களை விசாரிக்கும் ஒரு ஆம்பட்ஸ்மன் இருக்கிறார். ஆனால் பலகை இல்லாத கேரேஜிலும் அருமையான கைகள் உண்டு, எங்களுடையவர் அப்படித்தான்.

வேலை முடிந்ததும் அவரையே பக்கத்தில் உட்கார வைத்து அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். தட்டையான சாலையில் டீசல் வண்டியின் கோளாறு பாதி ஒளிந்துகொள்ளும். அந்தக் குழாயை மாற்றிய அன்றைக்கு எங்கள் வண்டி நான்கு அண்டாவோடு ஃபீல்ட்ஸ் ஹில்லை மூன்றாவது கியரில் ஏறியது. கண்ணாடியில் பார்த்தேன், புகை இல்லை. அப்புறம்தான் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.