குழந்தைக்குக் காய்ச்சலா? எடையையும் மருந்து லேபிளையும் பாருங்கள்

நெற்றியில் கை வைத்துப் பார்த்தால் சூடு தெரியும், அளவு தெரியாது. முதல் வேலை, ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரை எடுப்பது. அக்குள் வியர்வையைத் துடைத்துவிட்டு, நுனி தோலில் படும்படி வைத்து, கையை உடம்போடு சேர்த்துப் பிடியுங்கள். பீப் சத்தம் வந்ததும் எடுக்கலாம். 100.4 டிகிரி பாரன்ஹீட் (38 செல்சியஸ்) அல்லது அதற்கு மேல் இருந்தால் காய்ச்சல். அளவையும் நேரத்தையும் குறித்து வையுங்கள், டாக்டர் கேட்பார்.

3 மாதம் நிறையாத கைக்குழந்தையா? இதற்கு மேல் படிக்க வேண்டாம். நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

அடுத்து, மருந்து தேவையா என்று பாருங்கள். 101 காட்டினாலும் பிள்ளை விளையாடிக்கொண்டு, பால் குடித்துக்கொண்டு இருந்தால் அவசரமில்லை. சோர்ந்து சிணுங்கினால் பாராசிட்டமால் தரலாம். மருந்து தருவது குழந்தையின் அவஸ்தை குறைய, தெர்மாமீட்டரை 98.6-க்கு இறக்க அல்ல.

அளவை வயதை வைத்து அல்ல, எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. வரை. அதாவது 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. இனி பாட்டிலின் லேபிளைப் படியுங்கள், ஏனென்றால் எல்லா பாட்டிலும் ஒன்றல்ல:

- 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்: 3 மி.லி.
- 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்: சுமார் 6 மி.லி.
- 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து: 1.5 மி.லி. மட்டும்

சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 6 மி.லி. ஊற்றிவிட்டால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். கல்லீரலுக்கு அது ஆபத்து. சமையலறை ஸ்பூனையும் விடுங்கள், மருந்தோடு வரும் அளவுக் குப்பியோ சிரிஞ்சோ போதும். 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமால் இருக்கும், சேர்த்துத் தராதீர்கள். உங்கள் குழந்தைக்கான அளவை டாக்டரிடம் ஒருமுறை எழுதி வாங்கிவிடுவது நல்லது.

ஆஸ்பிரின் கூடவே கூடாது. ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் ஆசிட் இரண்டையும் நீங்களாகத் தராதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அதிகமாகும்.

மெல்லிய பருத்திச் சட்டை, காற்றோட்டமான அறை, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சி, இளநீர், ஓ.ஆர்.எஸ். 6 மாதத்துக்குள் என்றால் தாய்ப்பால்தான். கம்பளியைப் போர்த்தி வியர்க்க வைப்பது, ஐஸ் தண்ணீரில் துடைப்பது இரண்டும் வேண்டாம்.

வலிப்பு வந்தால்? பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். வாயில் எதுவும் வைக்காதீர்கள். பாட்டி இரும்புச் சாவியை நீட்டினால் அன்பாக வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள், அதனால் பயனில்லை. 5 நிமிடம் தாண்டினால் 108. சீக்கிரம் நின்றாலும், முதல் வலிப்பு என்றால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூச்சு வாங்குவது, எழுப்ப முடியாத மயக்கம், கழுத்து விறைப்பு, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எதைக் கொடுத்தாலும் வாந்தி: எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். வேறு தொந்தரவு இல்லாவிட்டாலும் 3 நாளைத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள்.

மழைக்காலத்தில் இன்னொன்று. டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் வரும். ஜுரம் விட்டதும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிப்பு என்று எதைப் பார்த்தாலும் உடனே ஆஸ்பத்திரி.