போர் தண்ணீரில் இரும்பு: ஆர்ஓ மெம்பரேனைக் கெடுக்கும் தவறுகள்

போர்வெல்லிலிருந்து வரும்போது தெளிவாக இருக்கிற தண்ணீர், வாளியில் ராத்திரி முழுக்க நின்றால் காலையில் மஞ்சளாகிவிடும், அடியில் காவி படிந்திருக்கும். சென்னையில் போரை நம்பி இருக்கும் பல அடுக்குமாடிகளில் இது தெரிந்த காட்சிதான். கரைந்திருந்த இரும்பு காற்றுபட்டுத் துகளாகிவிட்டது, அவ்வளவுதான். இதுவே ஆர்ஓவில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் மெல்லிய சவ்வான மெம்பரேனுக்குள் நடந்தால்தான் வம்பு.

தெளிவாக இருக்கிறதே என்று இரும்பைச் சோதிக்காமல் விடுவது பரவலான தவறு. துணியில் கறை விழத் தொடங்குவதே லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் வாக்கில்தான். காற்று கலந்த தண்ணீரில் 0.05-ஐத் தாண்டக் கூடாது என்பது மெம்பரேனுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. சோதனைக்கு வெறும் பாட்டிலில் பிடித்து இரண்டு நாள் கழித்துக் கொடுத்தாலும் பயனில்லை. இரும்பு பாட்டில் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும், ரிப்போர்ட் நல்லதாக வரும். அமிலம் சேர்த்த பாட்டிலை லேபிலேயே கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், பெரிய தவறு இரும்பை அரைகுறையாகத் துகளாக விடுவது. காற்றே படாமல் போரிலிருந்து மெம்பரேன் வரை கொண்டுபோனால், கரைந்த இரும்பு ஆர்ஓவின் கழிவுநீரோடு வெளியேறிவிடும். ஆனால் சம்ப், மேல்தொட்டி என்று சுற்றிவரும் நம் வீடுகளில் அது நடக்காது. கோடையில் லாரி தண்ணீரை அதே சம்பில் கலக்கிறோம், அதிலுள்ள குளோரின் இரும்பைத் துகளாக்கத் தொடங்கிவிடும். அது முடியும் முன்பே பம்ப் ஓடினால் மிச்சம் மெம்பரேனில் போய்ப் படியும். போதாக்குறைக்கு, எஞ்சிய குளோரின் மெம்பரேனை அரிக்கும், படிந்த இரும்பு அந்த அரிப்பை வேகப்படுத்தும். அதனால் தொட்டியில் போதிய நேரம் கொடுத்து, இரும்பை முழுக்கத் துகளாக்கி, பில்டரில் பிடித்து, குளோரினையும் நீக்கிய பிறகே ஆர்ஓவுக்கு அனுப்ப வேண்டும். பில்டரை ஒழுங்காக பேக்வாஷ் (தண்ணீரைத் தலைகீழாக ஓட்டிக் கழுவுவது) செய்யாவிட்டால் இதெல்லாம் வீண்.

தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் இருக்கிறதே என்பார்கள். துகளான இரும்பு அதன் உள்ளிருக்கும் ரெசின் மணிகளில் பூசிக்கொள்ளும், உப்பு மட்டும் போட்டால் போகாது.

அப்புறம் கழுவுதல். ஆர்ஓவிலிருந்து வரும் சுத்த நீரின் அளவு 10 சதவீதம் குறைந்ததுமே சிட்ரிக் அமிலத்தால் கழுவினால் இரும்பு கரைந்து வரும். பிளீச்சிங் பவுடர் கரைசலை உள்ளே விட்டால் மெம்பரேனே போச்சு. கழுவிய பிறகும் காவி சீக்கிரமே திரும்பினால், பில்டருக்கும் ஆர்ஓவுக்கும் நடுவில் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்.