நல்ல நாட்டுக்கோழி வேண்டுமா? முதலில் தாய்க்கோழியைப் பாருங்கள்

மதுரைப் பக்கம் புதிதாகக் கோழி வளர்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் சேவலில்தான் தொடங்குகிறார்கள். உயரம், வால், மூக்கின் வளைவு, இறகின் நிறம் எல்லாம் பார்த்து ஒரு சேவலுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள். அதோடு விடுவதற்கு நாலு பெட்டைகளைக் கிடைத்த இடத்தில் கிடைத்த விலைக்குப் பிடித்து வந்துவிடுகிறார்கள். கொல்லையில் மேய்ந்து, தானே பெருக வேண்டிய கோழிக்கு இது தலைகீழ் வழி.

சேவல் தருவது பாதி வித்து. மீதிப் பாதியைத் தரும் பெட்டைதான் அடைக்குப் படுக்கிறது, 21 நாள் முட்டையைக் காக்கிறது, பருந்து வட்டமிட்டால் குரல் கொடுத்துக் குஞ்சுகளைச் சிறகுக்குள் சேர்க்கிறது, கரையானைக் கிளறிக் காட்டுகிறது. இந்தக் குணங்கள் இல்லாத கோழி எவ்வளவு அழகாக இருந்தாலும் இன்குபேட்டரும், குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் புரூடரும் இல்லாமல் ஒரு தலைமுறைகூடத் தாண்டாது. சேவல் வாங்கினாலும் அதன் தாயைப் பார்த்து வாங்குங்கள் என்பதுதான் என் கட்சி. தாயின் குணம் சேவல் வழியாகவும் பேத்திகளுக்கு இறங்கும்.

ஆகவே கோழியை அது மேயும் இடத்திலேயே போய்ப் பாருங்கள். காலையில் கூட்டைத் திறந்துவிடும் நேரம் நல்லது. ஒரு மாதக் குஞ்சுகளோடு திரியும் தாயைக் காட்டச் சொல்லி, எத்தனை முட்டை வைத்தீர்கள், எத்தனை பொரித்தது, இப்போது எத்தனை நிற்கிறது என்று கேளுங்கள். கோழி வளர்க்கும் அக்காமார்கள் இந்தக் கணக்கை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். பன்னிரண்டு வைத்துப் பத்து பொரித்து, ஏழெட்டைத் தாய் பிரிக்கும் பருவம்வரை கொண்டுவந்த கோழியின் வம்சத்தில் ஒரு விடைக்கோழி, அதாவது முட்டையிடத் தொடங்கும் பருவத்து இளம்பெட்டை, கிடைத்தால் விலை பேசாமல் வாங்கலாம். பிறகு கோழியைக் கையில் எடுத்து, சிறகுக்கடியில் பேன் இருக்கிறதா, கால் செதில்கள் தூக்கிக்கொண்டிருக்கின்றனவா, பின்புறத்தில் எச்சம் ஒட்டியிருக்கிறதா, மூச்சில் கரகரப்பு கேட்கிறதா என்று பாருங்கள்.

பெயரை நம்பி வாங்குவது அடுத்த தவறு. நாட்டுக்கோழிக் குஞ்சு என்று வண்டியில் வந்து விற்பதில் நிறைய சோனாலி. அது ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் எகிப்தின் ஃபயூமி பெட்டையையும் சேர்த்து வங்காளதேசத்தில் உருவாக்கிய கலப்பு. வனராஜாவும் கிராமப்பிரியாவும் ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையம் கொல்லைப்புற வளர்ப்புக்கென்றே உருவாக்கியவை. முட்டைக்காக வளர்க்கிறவர்களுக்கு இவை நல்ல கோழிகளே. நம் ஊர்க் கோழியைவிட அதிகமாக முட்டையிடும். ஆனால் அடைக்குப் படுக்கும் குணம் இவற்றில் குறைவு, இவற்றின் குஞ்சுகளும் தாயைப் போலவே ஒரே சீராக வராது. வித்துக்கோழியாக வாங்கிப் பெருக்க நினைத்தால் இரண்டாம் தலைமுறையிலேயே ஏமாற்றம்தான்.

நம் பக்கத்துக் கோழியிலேயே சிறுவிடையும் பெருவிடையும் வேறு வேறு. சிறுவிடை உடம்பு சிறியது, சுறுசுறுப்பானது, அடையிலும் குஞ்சு காப்பதிலும் கெட்டி. சின்னக் கொல்லைக்கு நான் இதைத்தான் சொல்வேன். பெருவிடை, அதிலும் அசில் என்ற சண்டைக்கோழி வழி வந்தது, எடை போடும். ஆனால் முட்டை குறைவு, பெட்டைகளே ஒன்றோடொன்று மூர்க்கமாகச் சண்டையிடும். பக்கத்துக் கோழியின் குஞ்சைக் கொத்திக் கொல்வதும் உண்டு. பெரிய உடம்பு ஏறி மிதித்தால் முட்டையும் உடையும்.

சந்தையில் வாங்கவே கூடாது என்று சொல்லமாட்டேன். மேலூர், உசிலம்பட்டிச் சந்தைகளில் அருமையான கோழிகள் வருகின்றன. ஆனால் ஒரு தெருவில் வெள்ளைக்கழிச்சல் என்ற கொள்ளைநோய் தலைகாட்டினால், சாவதற்குள் விற்றுவிடலாம் என்று பலரும் கோழியை முதலில் கொண்டுபோகும் இடமும் சந்தைதான். திடீரென விலை சரிந்து கோழி குவிந்திருந்தால் அன்று வெறுங்கையோடு திரும்புங்கள். எங்கே வாங்கினாலும் புதுக்கோழியை மூன்று வாரம் தனியாக வையுங்கள். தனித் தண்ணீர், தனித் தீவனம்; பழைய கோழிகளைக் கவனித்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். வாங்கிய அன்று மாலையே எல்லாவற்றையும் ஒரே பஞ்சாரத்தில் கவிழ்த்து, பத்து நாளில் மொத்தத்தையும் பறிகொடுத்த வீடுகள் ஊருக்கு ஊர் உண்டு.

இனி ரத்தம். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது மிதிப்பதற்குப் போதும், வம்சத்துக்குப் போதாது. மரபியல் கணக்கில் அந்தப் பதினொரு பறவையும் நான்கு பறவைக்குக்கூடச் சமமில்லை, ஏனென்றால் அடுத்த தலைமுறை முழுவதற்கும் ஒரே தகப்பன். உறவில்லாத இன்னொரு சேவலைச் சேர்த்தாலே அந்தக் கணக்கு ஏழு பறவையை நெருங்கிவிடும். ஒரே கூட்டத்துக்குள் அண்ணன் தங்கையே சேர்ந்தால், பிறக்கும் குஞ்சின் உட்கலப்பு, அதாவது நெருங்கிய ரத்தம் சேர்வதன் அளவு, முதல் தலைமுறையிலேயே 25 சதவீதம். முட்டைக்குள்ளேயே சாகும் குஞ்சுகள் கூடுவது, பொரித்தவை வளர்ச்சியில் பின்தங்குவது, கோணல் கால், கோணல் மூக்கு என்று அது வெளியே தெரியும்போது இரண்டு மூன்று வருடம் போயிருக்கும்.

இதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. சொந்தத்திலோ பழக்கத்திலோ மூன்று வீடு சேருங்கள். முதல் வீட்டில் வளர்ந்த இளஞ்சேவல் இரண்டாம் வீட்டுக்கு, இரண்டாவதன் சேவல் மூன்றாவதுக்கு, மூன்றாவதன் சேவல் முதல் வீட்டுக்கு. வருடம்தோறும் இதே திசையில் மாற்ற வேண்டும். பெட்டைகள் பிறந்த வீட்டிலேயே நிற்கும். சேவலை மாற்றிய உடனே முட்டையை அடைக்கு எடுக்காதீர்கள். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும்.

குட்டைக்கால் கோழி பிடிக்கும் என்று குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பெட்டையையும் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குணத்தைத் தரும் மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்தால் கரு பிழைக்காது. நாலில் ஒரு முட்டை அப்படிப் போகும். ஒன்று குட்டைக்காலாக இருந்தால் இணையை நெட்டைக்காலாகத் தேடுங்கள்.

நான் மிகவும் வருந்துவது வேறொரு பழக்கத்துக்காக. நம் வீடுகளில் கொழுத்த விடைக்கோழி விருந்தாளிக்குப் போகிறது, எடுப்பான சேவல் பாண்டி கோயில் நேர்ச்சைக்குப் போகிறது, அடுத்தது வியாபாரிக்கு. கடைசியில் யாருக்கும் வேண்டாத மெலிந்த சேவலே தகப்பனாக நிற்கிறது. யாரும் திட்டமிடாமலேயே வருடம்தோறும் மோசமானதைத் தேர்ந்தெடுக்கிறோம். பத்து வருடத்தில் வம்சம் தேய்ந்துபோகிறது. சாமிக்கு நேர்ந்ததை மாற்றச் சொல்லவில்லை. கொண்டுபோகும் முன் அந்தச் சேவல் சில மாதம் பெட்டைகளோடு நிற்கட்டும், அதன் குஞ்சுகள் இறங்கிய பிறகு போகட்டும். ஐந்தாறு மாதத்தில் கோழிகளைப் பார்த்து, நிறுத்த வேண்டியவற்றின் காலில் வளையம் போட்டுவிடுங்கள். வளையம் போட்ட கோழி யார் வந்தாலும் குழம்புக்கு இல்லை என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

முட்டை விஷயத்தில் வெயிலை மறந்துவிடுகிறோம். சுமார் 21 டிகிரிக்கு மேல் போனாலே கரு மெல்ல வளரத் தொடங்கும். மதுரையில் சித்திரை வைகாசிப் பகல் 38, 39 டிகிரி. பத்து நாளாகச் சேர்த்த முட்டைகளில் கரு பாதி வளர்ந்து, அடை வைக்கும் முன்பே செத்திருக்கும்; பழி அடைக்கோழி மேல் விழும். முட்டையை அன்றன்றைக்கு எடுத்து, மண்சட்டியில் ஈரமணல் பரப்பி, மேலே துணி விரித்து, கூர்முனை கீழே இருக்கும்படி நிழலில் வையுங்கள். கோடையில் நாலைந்து நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம். கழுவவும் கூடாது. விடைக்கோழி இடும் முதல் ஈற்று முட்டைகள் சிறியவை, அவற்றைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். ஏழாம் நாள் இரவு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் கரு பிடிக்காதது தெளிவாகத் தெரியும்.

நாட்டுக்கோழிக்கு நோய் வராது என்ற பேச்சை நம்பிக் கோழியை இழக்காதீர்கள். வெள்ளைக்கழிச்சலுக்கு நாட்டுக்கோழி, பண்ணைக்கோழி என்ற பேதமில்லை. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரத்தில் ஊசி. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். பிப்ரவரியில் இந்தக் கழிச்சலுக்கான தடுப்பூசி முகாமும் நடத்துகிறார்கள். மருந்தைக் குளிர்ச்சி குறையாமல் கொண்டுவர வேண்டும். சட்டைப்பையில் வைத்து வெயிலில் கொண்டுவந்த மருந்து வேலை செய்யாது. திருப்பரங்குன்றத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் இருக்கிறது. சந்தேகங்களை அங்கே நேரில் கேட்கலாம். வளர்ந்த கோழி வாங்கும்போது எந்தத் தடுப்பூசி எப்போது போட்டது என்று கேளுங்கள். விற்கிறவர் தடுமாறினால் போடவில்லை என்றே வைத்துக்கொண்டு, தனியாக வைத்திருக்கும் மூன்று வாரத்துக்குள் மருந்தகத்தில் காட்டிப் போட்டுவிடுங்கள்.