செம்மறிக் குட்டிக்குப் புரதம்: காசும் குட்டியும் கைநழுவும் இடங்கள்

குட்டி மெலிந்தால் உடனே மருந்துக்கடைக்குப் போய் அமினோ அமில டானிக் வாங்கி வாயில் ஊற்றுகிறோம். இதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பால்குடிக் குட்டி உறிஞ்சும் பால் நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். அசைபோடத் தொடங்கிய குட்டிக்கு அப்படியில்லை. முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் டானிக்கிலுள்ள மெத்தியோனின், லைசின் போன்ற அமினோ அமிலங்களைப் பெரும்பாலும் அம்மோனியாவாக உடைத்துவிடும். பிறகு அந்த அம்மோனியாவிலிருந்து தங்களுக்கான புரதத்தைக் கட்டிக்கொள்ளும். குட்டிக்குக் கிடைப்பதில் பெரும்பங்கு அந்த நுண்ணுயிர்ப் புரதம்தான். அதைக் கட்ட மாவுச்சத்து வேண்டும். மக்காச்சோளமோ கம்போ இல்லாமல் புண்ணாக்கை மட்டும் கூட்டினால் புரதம் மூத்திரமாகத்தான் போகும். பட்டியில் மூக்கைத் துளைக்கும் நெடிக்கு அதுவும் ஒரு காரணம்.

15 நாளிலிருந்து தாய் நுழைய முடியாத தடுப்புக்குள் குட்டித் தீவனம் வையுங்கள். 100 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 50, கடலைப் புண்ணாக்கு 30, தவிடு 17, தாது உப்பு 2, சாதா உப்பு 1. இதில் புரதம் ஏறக்குறைய 18 முதல் 20 சதம் வரும். நிழலில் வாட்டிய அகத்தி, வேலிமசால் தழையும் கட்டித் தொங்கவிடலாம்.

யூரியா விஷயத்தில் தயவுசெய்து விளையாடாதீர்கள். பெரிய மாட்டுக்குப் போடும் யூரியா கலந்த தீவனம் முதல் வயிறு முழுதாக வளராத குட்டிக்கு விஷமாகலாம். வயிறு உப்பி, உடல் நடுங்கி, சில மணி நேரத்தில் செத்தும் போகலாம். மாட்டுத் தாது உப்பும் வேண்டாம். அதிலுள்ள தாமிரம் செம்மறியின் ஈரலில் தேங்கி, பல வாரம் கழித்துத் திடீரெனக் கொல்லும். பையில் செம்மறிக்கு என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சந்தைக்கு முன் கிடாயைக் கொழுக்கவைக்கிறேன் என்று ஒரே நாளில் தீவனத்தை இரட்டிப்பாக்குவது இன்னொரு தவறு. கொழுத்த குட்டிதான் துள்ளுமாரி என்னும் குடல் நச்சு நோயில் முதலில் விழும். பத்து நாளாவது எடுத்துக்கொண்டு மெல்லக் கூட்டுங்கள். தடுப்பூசியையும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள்.

பிறந்த குட்டிக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கட்டாயம். நோய் எதிர்க்கும் புரதத்தைக் குடல் அப்படியே உறிஞ்சுவது முதல் நாளோடு முடிந்துவிடும். பிறகு எந்த டானிக்காலும் அதை ஈடுகட்ட முடியாது. சினையின் கடைசி மாதத்தில் தாய்க்குப் புண்ணாக்கு வைத்தால் சீம்பாலும் நன்றாகச் சுரக்கும்.

மழைக்காலத்தில் கடலைப் புண்ணாக்கை உடைத்து உள்ளே பாருங்கள். பூஞ்சை பச்சையாய்ப் படர்ந்திருந்தால் மேலாகச் சுரண்டிவிட்டுப் போடாதீர்கள். நஞ்சு உள்ளேயும் இறங்கியிருக்கும்.