மோடம் கேபிள்: 'ஓகே' வந்துவிட்டால் வேலை முடிந்ததா?

சர்வரில் முதன்முறை மோடம் இணைப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் போகிறார்கள். சீரியல் போர்ட்டில் மூன்று கம்பி: 2, 3, 5ஆம் பின்கள் (டேட்டா வாங்க, அனுப்ப, கிரவுண்ட்). சீரியல் போர்ட்டோடு பேசும் மினிகாம் புரோகிராமைத் திறந்து, மோடத்தைக் கூப்பிடும் ஏடி கட்டளையை அடிக்கிறார்கள், ஓகே வருகிறது, கனெக்டருக்கு மூடி போட்டுத் திருகிவிடுகிறார்கள். மோடம் காது கேட்கும் நிலையில் இருக்கிறது என்பதற்குத்தான் அந்த ஓகே அத்தாட்சி. அழைப்பை ஒழுங்காக எடுக்கும், ஒழுங்காக வைக்கும் என்பதற்கு அல்ல. நெட்வொர்க் விழுந்தால் போன் லைன் வழியாகச் சர்வருக்குள் நுழைய வைத்திருக்கும் டயல்-இன் மோடத்துக்கு இந்த இரண்டும்தான் முக்கியம். லினக்ஸ் சர்வரும் வெளி மோடமும் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். ஈயம் ஒட்டாதது, திருகு இறுக்காதது எல்லாம் தானே கண்ணில் படும், அவற்றை விட்டுவிடலாம்.

நல் மோடம் கேபிளைச் செருகுவது

நல் மோடம் கேபிள் இரண்டு கம்ப்யூட்டர்களை இணைப்பதற்காக, அனுப்பும் கம்பியையும் வாங்கும் கம்பியையும் குறுக்கே மாற்றிக் கட்டியது. மோடத்துக்கு நேர்க் கேபிள்தான். போர்ட் எந்த வகை என்று சந்தேகம் வந்தால் மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை டிபி-9 (ஒன்பது பின் கனெக்டர்) போர்ட்டின் 5ஆம் பின்னில் தொடுங்கள். எதையும் அனுப்பாத நேரத்தில் டேட்டா அனுப்பும் பின்னில் மைனஸ் வோல்ட்டேஜ் இருக்கும், பெரும்பாலும் மைனஸ் 5 முதல் மைனஸ் 12 வரை. டிபி-9இல் அது 3ஆம் பின்னில் வந்தால் கம்ப்யூட்டர் வகை, 2ஆம் பின்னில் வந்தால் மோடம் வகை.

டிபி-9க்கும் டிபி-25க்கும் ஒரே எண் என்று நினைப்பது

வெளி மோடம்கள் பலவற்றில் டிபி-25 (25 பின்) பெண் கனெக்டர் இருக்கும். அங்கே 2-2, 3-3 என்று கட்டினால் ஓகேகூட வராது. சரியான வரிசை, டிபி-9 எண் முதலில்: 1-8, 2-3, 3-2, 4-20, 5-7, 6-6, 7-4, 8-5, 9-22. கடைசிக் கம்பி மணியடிப்பதைச் சொல்லும் சிக்னல். அதை விட்டாலும் பாதகமில்லை. மற்ற எட்டும் வேண்டும்.

டிபி-25இல் 1ஆம் பின் ஷீல்டுக்கானது, அதாவது கேபிளைச் சுற்றியிருக்கும் உலோகக் கவசத்துக்கானது. அதே பழக்கத்தில் டிபி-9இன் 1ஆம் பின்னிலும் ஷீல்டைச் சேர்த்துவிடுகிறார்கள். அங்கே அந்தப் பின் டிசிடி: எதிர்முனை மோடத்தின் கேரியர் (இணைப்பு ஒலி) கிடைத்துவிட்டது என்று மோடம் சர்வருக்குச் சொல்லும் சிக்னல். கிரவுண்டோடு ஷார்ட் ஆகிக் கிடக்கும், சர்வர் கேரியரையே பார்க்காது. ஷீல்டை உலோக உறையில், ஒரு முனையில் மட்டும் இணையுங்கள்.

டிசிடி, டிடிஆர் இரண்டையும் 'ஏமாற்றி' விடுவது

எத்தனை முறை சொன்னாலும் ஏறாத விஷயம் இதுதான்.

மூன்று கம்பிக் கேபிளில் 4ஆம் பின்னின் டிடிஆர் ('நான் தயார்' என்று சர்வர் சொல்லும் சிக்னல்) மோடத்துக்குப் போகாது. பல மோடம்கள் அப்போது அழைப்பை எடுக்க மறுக்கும். உடனே ஏடி&டி0 போட்டு, 'டிடிஆரைப் பார்க்காதே' என்று சொல்லிவிடுவார்கள். அடுத்து சர்வர் முரண்டு பிடிக்கும். லாகின் கேட்கும் கெட்டி புரோகிராம் போர்ட்டைத் திறக்கும்போது 1ஆம் பின்னில் டிசிடி உயரக் காத்திருக்கும். அதற்கு வைத்தியமாகச் சர்வர் முனையில் 1, 4, 6 மூன்றையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்து ஈயம் வைப்பார்கள். இப்போது சர்வர் தன்னுடைய டிடிஆரைத் தானே டிசிடி என்று நம்புகிறது. அழைத்தால் லாகின் வருகிறது, எல்லோருக்கும் திருப்தி.

வம்பு ஆரம்பிப்பது அழைப்பு முடியும்போது. ரூட்டாக உள்ளே இருப்பவரின் லைன் பாதியில் அறுகிறது. டிசிடி விழுவதைப் பார்த்துத்தான் கெர்னல் அந்த ஷெல்லுக்கு ஹேங்-அப் சிக்னல் அனுப்பும். இங்கே டிசிடி விழவே விழாது. ஷெல் திறந்தபடி கிடக்கும். அடுத்து அந்த எண்ணுக்கு எந்த மோடம் அழைத்தாலும் பாஸ்வேர்டு கேட்காமல் ரூட் ப்ராம்ப்ட் நிற்கும். ஃபயர்வால் விதிகளை வரிவரியாகச் சரிபார்த்த அதே இடத்தில்தான் இதுவும் நடக்கும்.

லாக்-அவுட் செய்தாலும் சிக்கல்தான். சர்வர் டிடிஆரை இறக்கும், மோடத்துக்கு அது தெரியாது, லைன் துண்டிக்கப்படாது. அழைத்தவர் தன் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் காலை வரை கட்டணம் ஏறும்.

அழைப்பே இல்லாத நேரத்திலும் நிம்மதி இல்லை. கேரியர் இருப்பதாக நம்பி கெட்டி லாகின் ப்ராம்ப்டை அனுப்பும். கட்டளை நிலையில் இருக்கும் மோடம் அதை எதிரொலிக்கும். கெட்டி அந்த எதிரொலியை யூசர்நேம் என்று எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டு கேட்கும், அதுவும் எதிரொலிக்கும். லாக் ஃபைல் வீங்கும். இதற்கு நடுவே உண்மையான அழைப்பு வந்து, மோடம் எடுத்துக் கைகுலுக்கும் நேரத்தில் ஓர் எழுத்து உள்ளே விழுந்தாலும் அது முயற்சியைக் கைவிட்டுவிடும். "சில நேரம் எடுக்குது, சில நேரம் எடுக்கல, மோடம் போச்சு" என்று புது மோடம் வாங்குவார்கள். கேபிள் பழையதுதானே, புதுசும் அதையே செய்யும்.

1, 4 இரண்டுக்கும் முனையிலிருந்து முனைக்கு நிஜக் கம்பி போடுங்கள். மோடத்தில் &சி1 (கேரியர் இருந்தால் மட்டும் டிசிடி), &டி2 (டிடிஆர் விழுந்தால் லைனை வை), எஸ்0=1 (முதல் மணியில் எடு), &டபிள்யூ (சேமி) ஆகியவற்றைக் கொடுங்கள். எதிரொலியையும் பதில்களையும் அணைக்க ஈ0, க்யூ1 வேண்டும். க்யூ1க்குப் பிறகு ஓகே வராது, பயப்படாதீர்கள். சர்வரின் போர்ட் அமைப்பில் சிலோக்கல் ('டிசிடியைப் பார்க்காதே') அணைந்தும் எச்யூபிசிஎல் ('முடிந்ததும் டிடிஆரை இறக்கு') இயங்கியும் இருக்க வேண்டும். நேரடி டெர்மினலுக்கு எழுதிய அகெட்டி (கெட்டியின் ஒரு வகை) வரியைக் காப்பி அடித்தால் அதிலுள்ள -எல் ஆப்ஷனை நீக்குங்கள். 'டிசிடி தேவையில்லை' என்று சொல்வது அதுதான்.

சோதிக்க /ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல் கோப்பைப் பாருங்கள். அழைப்புக்கு முன் சிடி என்ற சொல் அந்த போர்ட்டின் வரியில் இருக்கக் கூடாது, அழைப்பின்போது இருக்க வேண்டும், வைத்ததும் மறைய வேண்டும். பிறகு சாதாரண யூசராக லாகின் செய்து, டெலிபோன் ஒயரைப் பிடுங்குங்கள். ஒரு நிமிடம் விட்டு மீண்டும் செருகி அழையுங்கள். லாகின் கேட்டால்தான் கேபிள் தேறியது.

7ஐயும் 8ஐயும் சேர்த்துக் கட்டுவது

போர்ட் 115200இல் ஓடினால் வினாடிக்கு 11,520 எழுத்துகள் மோடத்துக்குள் போகும். 33.6 கிலோபிட் லைனில் வெளியேறுவது சுமார் 4,000. பஃபர் நிரம்பியதும் மோடம் 8ஆம் பின்னின் சிடிஎஸ்ஸை ('அனுப்பலாம்' என்ற சிக்னல்) இறக்கி நிறுத்தச் சொல்லும். அந்தக் கம்பி சர்வர் முனையிலேயே சுற்றிக் கட்டப்பட்டிருந்தால் யாரிடம் சொல்லும்? லாகின் சரியாக வரும், நீண்ட லாக் ஃபைலைக் காட்டும்போது நடுநடுவே வரிகள் தின்னப்படும். கேபிளில் ஆர்டிஎஸ் (7), சிடிஎஸ் (8) இரண்டும் முழுதாகப் போகட்டும்; மோடத்தில் இதை இயக்கும் கட்டளை, பல மோடம்களில் &கே3, யுஎஸ் ரோபாட்டிக்ஸ் என்றால் &எச்1&ஆர்2.

ஆர்ஜே-45 சீரியல் போர்ட்

பிளக் ஒன்று (நெட்வொர்க் கேபிளில் வருவதுதான்), உள்ளே பின் வரிசை வேறு வேறு. டேட்டா அனுப்பும் பின் சிஸ்கோ கருவிகளின் கன்சோல் போர்ட்டில் 3, இஐஏ-561 என்ற பொதுத் தர முறையில் 6. கையேட்டைப் பார்க்காமல் கிரிம்ப் செய்யாதீர்கள்.

வெறும் ஜிஎஸ்எம் மாட்யூலை டிபி-9இல் கட்டுவது

எரியும். நடுவே வோல்ட்டேஜைப் பொருத்தும் லெவல் கன்வெர்ட்டர் போடுங்கள்.

நீளம்

15 மீட்டருக்குள்.

யுபிஎஸ் கேபிளோடு குழப்புவது

லேபிள் ஒட்டுங்கள். சில யுபிஎஸ்களில் சாதாரண சீரியல் கேபிளைச் செருகினாலே மொத்த லோடும் அணைந்துவிடும்.

கன்சோலையும் மோடத்தையும் ஒரே போர்ட்டில் வைப்பது

கன்சோலுக்கு வரும் கெர்னல் மெசேஜ்கள் கட்டளை நிலையிலுள்ள மோடத்தின் தலையில் கொட்டும். பூட் வரியில் ஃப்ளோ கண்ட்ரோலுக்கான (சிடிஎஸ் பார்த்து அனுப்பச் சொல்லும்) ஆர் எழுத்தும் சேர்ந்து, மோடம் அணைந்தும் இருந்தால் இன்னும் மோசம்: சிடிஎஸ் வராததால் கெர்னல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு வினாடி வரை காத்திருக்கும், பூட் ஆவது மணிக்கணக்கில் இழுக்கும். மோடத்துக்கு இரண்டாவது போர்ட்டைக் கொடுங்கள்.