மாமாவோடு சேர்ந்து காமிக்ஸ் எழுதுவது எப்படி: முதல் 16 பக்கங்களுக்கு ஒரு வழி

நல்ல கதை ஒன்று வீட்டுப் பெரியவர் யாரிடமோ இருக்கிறது, அதைக் காமிக்ஸாகக் கொண்டுவர ஆசை, ஆனால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றால் இது உங்களுக்குத்தான். நான் பெங்களூரில் அல்சூர் பக்கம் இருக்கிறேன். என் தாய்மாமா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர், 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடும்வரை. அவரும் நானும் சேர்ந்து எழுதுகிறோம், படம் வரைய மட்டும் வெளியாள்.

முதலில் யார் எதை முடிவு செய்வது என்று பேசிக்கொள்ளுங்கள்

முதல் அத்தியாயம் நீ, இரண்டாவது நான் என்று பிரித்தால் இரண்டு தனிக் கதைகள்தான் வரும். அதற்குப் பதிலாக முடிவுகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். என்ன நடந்தது, யார் எப்படிப் பேசுவார்கள், கையில் என்ன கருவி இருந்தது என்பதில் மாமா சொல்வதுதான் கடைசி. எந்தப் பக்கத்தில் எது வரும், எத்தனை பேனல் (படக் கட்டம்), எதை வெட்டுவது என்பது என் பொறுப்பு. சண்டை வந்தால் அது யார் பக்கத்து விஷயம் என்று பார்த்தால் போதும், பாதி அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதிதான் கஷ்டம். மாமாவிடம் போய் "இந்த வசனம் நல்லா இல்லை" என்று நம் வீடுகளில் யாரும் சொல்ல முடியாது, சொன்னாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வராது. அதனால் படத்தைப் பற்றிக் கேளுங்கள்: "மாமா, இவர் இதைச் சொல்லும்போது முகம் எப்படி இருக்கும்?" அவர் முகத்தை விவரித்து முடிப்பதற்குள், வசனம் சொல்வதை முகமே சொல்லிவிடுகிறது என்று அவருக்கே தெரிந்துவிடும். "அப்போ அது வேணாம் மாப்ளே, எடுத்துடு" என்பார்.

கதையை வாங்குவது

போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டுப் பேசவிடுங்கள். "சுரங்க வாழ்க்கை எப்படி இருந்தது?" என்று கேட்டால் பொன்விழா மலர்க் கட்டுரை மாதிரி ஒரு பதில்தான் வரும். பொருளைக் கேளுங்கள்: டிபன் டப்பாவில் என்ன இருந்தது, கூண்டில் (சுரங்கத்துக்குள் இறக்கும் லிஃப்ட்) இறங்கும்போது யார் பக்கத்தில் நிற்பார்கள், மேலே வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்ற தகவல் எனக்குப் புத்தகத்திலேயே கிடைக்கும், இறங்கும்போது புதுப் பையன்கள் என்ன முழி முழிப்பார்கள் என்பது மாமாவிடம் மட்டும்தான் கிடைக்கும்.

பக்கக் கணக்கு

நடுவில் ஸ்டேப்பிள் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்கங்கள் 4-இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும். முதல் முயற்சிக்கு 16 தாராளம். நாலு ஏ4 தாளை ஒன்றாக வைத்துப் பாதியாக மடியுங்கள், 16 பக்க மாதிரிப் புத்தகம் கையில் இருக்கும். அதில் பென்சிலால் பக்க எண் போட்டு, ஒவ்வொரு பக்கத்திலும் என்ன நடக்கிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள், குச்சி மனிதர்கள் போதும். வயதானவர்களோடு வேலை செய்ய இதைவிட நல்ல கருவி கிடையாது, கம்ப்யூட்டர் ஃபைலைப் பார்த்து ஒன்றும் சொல்லாத மாமா இந்தத் தாளைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிடுவார்.

ஒற்றைப்படைப் பக்கம் எப்போதும் வலது பக்கம் வரும். அதைப் புரட்டினால்தான் அடுத்த இரட்டைப்படைப் பக்கம் தெரியும். ஆகவே திடுக்கிட வைக்கிற விஷயம் எதுவானாலும் இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் பேனலில் வையுங்கள், வலது பக்கத்தில் வைத்தால் இடது பக்கம் படிக்கும்போதே கண் அங்கே ஓடிவிடும்.

ஸ்கிரிப்ட்

எங்கள் 5-ஆம் பக்கத்தின் கடைசி மூன்று பேனல்கள்:

பேனல் 3: கூண்டுக்குள் ஆட்கள் தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள். மேலிருந்து பார்க்கிறோம்.
பையன்: அண்ணே, காது அடைக்குது.

பேனல் 4: பெரியவரின் முகம் மட்டும். பையனைப் பார்க்கவில்லை.
பெரியவர்: எச்சில் முழுங்கு.

பேனல் 5: பையனின் கை, கம்பியை இறுக்கிப் பிடிக்கிறது. வசனம் இல்லை.

புரட்டினால் 6-ஆம் பக்கம் முழுக்கக் கறுப்பு. கவனிக்க வேண்டியது, ஒரு பேனலுக்கு ஒரு செயல்தான். "குனிந்து விளக்கை எடுத்துத் திரும்பி நடந்தான்" என்று எழுதினால் வரைபவர் தலையில் கை வைத்துக்கொள்வார், அது மூன்று படம். பக்கத்துக்கு நாலிலிருந்து ஆறு பேனல் போதும்.

வசனமும் எழுத்துருவும்

தமிழ்ச் சொற்கள் நீளமானவை, வசனம் எழுதுகிற பலூனோ சின்னது. "போய்க்கொண்டிருக்கிறேன்" ஒரே சொல்லாக ஒரு வரியை முழுக்கத் தின்றுவிடும், "போயிட்டிருக்கேன்" கொஞ்சம் இடம் விடும். பலூனுக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்லைத் தாண்டாதீர்கள். தங்கவயல் பேச்சில் கன்னடமும் தெலுங்கும் கலந்து வரும், அதை அப்படியே விடுங்கள், அடிக்குறிப்பு போட்டுக் கெடுக்க வேண்டாம். சத்தம் போட்டுப் பேசுவதைக் காட்ட நமக்குப் பெரிய எழுத்து கிடையாது, தடித்த எழுத்துத்தான் வழி.

யூனிகோட் (எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) எழுத்துரு மட்டும் பயன்படுத்துங்கள். கவிவாணர் என்ற எழுத்துரு கையெழுத்துச் சாயலில் இருக்கும், திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வரிகளுக்கு நடுவே இடம் கொஞ்சம் கூடவே விடுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் "சூ" கீழ் வரியின் "கி" மேல் போய் முட்டும். வரைவதற்குக் கிரிட்டா, பலூனுக்கும் எழுத்துக்கும் இங்க்ஸ்கேப், இரண்டும் இலவசம்.

ஒரு தாளில் எழுதி வைப்பது

சொந்தத்துக்குள் ஒப்பந்தமா என்று அத்தை கேட்பார். எழுதுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன்படி, யார் பங்கு எது என்று பிரிக்க முடியாதபடி சேர்ந்து எழுதியது கூட்டுப் படைப்பு. அதன் உரிமை, ஆசிரியர்களில் கடைசியாக இறப்பவருக்குப் பிறகு 60 ஆண்டு நீடிக்கும், அதாவது இது உங்கள் பிள்ளைகளும் மாமாவின் பிள்ளைகளும் சேர்ந்து பேச வேண்டிய சொத்து. வரைபவரிடமும் உரிமையை எழுத்தில் வாங்குங்கள், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளும், எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். அவருக்குப் பக்கக் கணக்கில் பணம் கொடுங்கள், "விற்றதும் பார்த்துக்கலாம்" வேண்டாம்.

அச்சு

உள்பக்கம் கறுப்பு வெள்ளை, அட்டை மட்டும் வண்ணம் என்றால் செலவு வெகுவாகக் குறையும். ஃபைல் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), வெட்டுக்காக நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். நூறு பிரதிக்குள் என்றால் டிஜிட்டல் அச்சு, ஐந்நூறு ஆயிரம் என்று போனால் ஆஃப்செட் (தட்டு செய்து மொத்தமாக அடிப்பது), அதற்குச் சிவகாசியிலும் விலை கேட்டுப் பாருங்கள். ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) எண்ணுக்கு அரசு கட்டணம் வாங்குவதில்லை, ஆனால் கையில் வைத்து விற்கிற முதல் புத்தகத்துக்கு அது அவசியமில்லை.

மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி வாங்கிப் பாருங்கள், அதே தாளில், ஸ்டேப்பிள் அடித்து. 8, 9 இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய படமாகப் போட்டிருந்தால் ஸ்டேப்பிள் யாருடைய மூக்கிலாவது இறங்குகிறதா என்று பாருங்கள், அப்புறம் மாமாவிடம் கொடுத்துவிட்டு எழுத்துப் பிழைக்கு அவர் சிவப்புப் பேனாவோடு உட்காரும்வரை அச்சகத்துக்குப் போன் போடாதீர்கள்.