எஃப்.ரி.ஓ கண்ணாடி: தெளித்துச் சுடும் முறை

எஃப்.ரி.ஓ கண்ணாடி என்பது ஒளியை விட்டு மின்னையும் கடத்தும் படலம் பூசிய கண்ணாடி. அறிவியல்நகர், பம்பைமடுப் பல்கலைக்கழக வளாகங்களில் சூரியக்கலச் செயற்றிட்டம் செய்கிறவர்களுக்கு, வெற்றிடப் பம்பி கேட்கும் ஸ்பட்டரிங் என்ற படலம் பூசும் முறையைவிட, சூடான கண்ணாடியில் கரைசலைத் தெளித்துச் சுடும் முறைதான் கைக்கெட்டும். புளோரின் ஊட்டிய வெள்ளீய ஒட்சைட்டு, அதாவது எஃப்.ரி.ஓ, இதில் நன்றாக வரும். விலைகூடிய இந்தியம் என்ற உலோகமும் தேவையில்லை.

கண்ணாடியைச் சவர்க்காரம், அசெற்றோன், எதனோல் என்ற ஒழுங்கில் கழுவுங்கள். கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில்தான். இங்கத்தைக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் சுண்ணாம்பு வெள்ளைப் புள்ளியாகப் படியும். அந்த இடத்தில் படலத்தில் ஓட்டை விழும்.

0.2 மூலர் கரைசல் 50 மில்லிலீற்றருக்கு, வெள்ளீய நாற்குளோரைட்டு ஐந்நீரேற்று 3.5 கிராமை 45 மில்லிலீற்றர் எதனோலில் கரையுங்கள். அமோனியம் புளோரைட்டு 0.185 கிராமைத் தனியே 5 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்துச் சேருங்கள். நேரே எதனோலில் போட்டால் சரியாகக் கரையாது. புளோரைட்டு கண்ணாடியை அரிக்கும், எனவே எல்லாம் பிளாஸ்டிக் பாத்திரத்தில். சூட்டில் புளோரினின் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும் என்பதால்தான் இவ்வளவு போடுகிறோம். மாரியில் குளோரைட்டுப் போத்தலைத் திறந்தபடி வைக்க வேண்டாம். ஈரத்தை இழுத்துக் கசியும், நிறுவை பிழைக்கும்.

தெளிக்கும்போது ஐதரசன் குளோரைட்டும் ஐதரசன் புளோரைட்டும் வெளிவரும், எதனோல் ஆவி தீயும் பிடிக்கும். புகையகற்றும் பெட்டி இல்லாத இடத்தில் தொடங்கவே வேண்டாம். ஐதரசன் புளோரைட்டு தோலில் பட்டால் பூச, கல்சியம் குளுக்கோனேற்றுக் களிம்பு பக்கத்தில் இருக்கட்டும்.

பெரும்பாலான படலங்கள் கெடுவது வெப்பத்தில். ஹொட் பிளேட்டின் முகப்பு 450 காட்டினாலும் கண்ணாடியின் மேற்பரப்பு அந்தச் சூட்டுக்கு வந்திராது. வெப்பநிலை அளக்கும் வெப்பவிணையை (தேர்மோகப்பிள்) கண்ணாடியின் மேலேயே தொடவைத்து, அங்கே 450 பாகை செல்சியஸ் வரும்வரை ஏற்றுங்கள். எயார் பிரஷை 25 சென்ரிமீற்றர் உயரத்தில் பிடித்து 1 செக்கன் தெளித்து, 30 செக்கன் பொறுங்கள். ஒவ்வொரு தெளிப்பும் கண்ணாடியைக் குளிர்விக்கும். அவசரப்பட்டால் 400க்குக் கீழே இறங்கி, குளோரின் படலத்துக்குள் தங்கி, தடை ஏறும். 550ஐத் தாண்டவிட்டால் யன்னல் கண்ணாடி வளையும்.

ஆறிய படலத்தை விரலால் துடைக்கும்போது வெள்ளைத் தூள் வந்தால், துளிகள் வழியிலேயே காய்ந்துவிட்டன. எயார் பிரஷைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவாருங்கள். ஒரு கரையில் மட்டும் நிறம் வேறாகத் தெரிந்தால் காற்று தள்ளியிருக்கிறது. கச்சான் வீசும் மாதங்களில் யன்னலைப் பூட்டிவிட்டே வேலை செய்யுங்கள்.

சரித்துப் பார்க்கையில் இளஞ்சிவப்பும் பச்சையும் மாறி மாறித் தெரிந்தால் படலம் சில நூறு நனோமீற்றர் வந்துவிட்டது. 100 பாகைக்குக் கீழே ஆறும்வரை தட்டிலேயே விடுங்கள், சூட்டோடு எடுத்தால் வெடிக்கும்.

மல்ரிமீற்றர் தொடுகைத் தடையையும் சேர்த்தே காட்டும். எந்தப் பக்கம் கடத்துகிறது என்று பார்க்க மட்டும் அது போதும். படலத்தின் தடையை அறிய, நான்கு ஊசிமுனைகளை வரிசையாகத் தொடவைக்கும் நான்கு முனை அளவியில் மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.53ஆல் பெருக்குங்கள். முனைகளின் இடைவெளியைவிடக் கண்ணாடி பலமடங்கு பெரிதாக இருந்தால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும். சதுரத்துக்கு 10 முதல் 20 ஓம் வந்தால் சூரியக்கலத்துக்கு எடுக்கலாம்.